உருக்காலை விபத்துகள்: ஆபத்து உலையில் மட்டும்தானா?

உருக்காலை என்றதும் நம் கண்முன் வருவது கொதிக்கும் இரும்புக் குழம்பும் பறக்கும் தீப்பொறியும்தான். ஆபத்தும் அங்கேதான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 2012-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியப் பொதுத்துறை உருக்காலைகளில் நடந்த மூன்று பெரிய விபத்துகள் வேறு கதை சொல்கின்றன.

முதலில் கொஞ்சம் பழைய வரலாறு. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. ஆபத்தான இயந்திரத்தைச் சுற்றி வேலி போட வேண்டும் என்றது அது. அதாவது, கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துதான் ஆபத்து. ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை 1912-ல் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. தூக்கமில்லாத தொழிலாளி உலை பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் பிறகு விபத்து முதலாளியின் செலவுக் கணக்கிலும் ஏறியது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. விஷவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய்க்குள் யாரையாவது அனுப்புவதற்கு முன்னால், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்துப்பூர்வமாகச் சான்று தர வேண்டும் என்றது.

இனி அந்த மூன்று விபத்துகள்.

1) விசாகப்பட்டினம், 2012 ஜூன் 13. புதிய உருக்குப் பிரிவின் ஆக்சிஜன் அழுத்தக் கட்டுப்பாட்டு நிலையத்தில் சோதனை ஓட்டம் நடந்தபோது வெடிப்பு. 19 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அழுத்தமான தூய ஆக்சிஜனில் குழாயில் ஒட்டியிருக்கும் சிறு எண்ணெய்ப் பிசுக்கோ இரும்புத் துகளோ தீப்பிடித்தால் போதும், இரும்புக் குழாயே எரியும்!

2) பிலாய், 2014 ஜூன் 12. ஊது உலையிலிருந்து வரும் வாயுவைத் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்வார்கள். அதற்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் ஹவுஸில் குழாய் உடைந்து நீரழுத்தம் குறைந்தது. தண்ணீர் வரவேண்டிய வழியாக வாயு திரும்பி வந்துவிட்டது. அதில் இருந்த கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 6 பேர் இறந்தார்கள், அவர்களில் உயர் அதிகாரிகளும் உண்டு.

3) மறுபடியும் பிலாய், 2018 அக்டோபர் 9. கோக் அடுப்பு வாயுக் குழாயில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது தீ. அன்றே 9 பேர் பலி, பிறகு எண்ணிக்கை கூடியது. பாதுகாப்புக்கு வந்து நின்ற தீயணைப்பு ஊழியர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, மூன்றுமே உருகிய இரும்பால் நடந்தவை அல்ல. குழாய்களில் நடந்தவை. இரண்டு, எதுவுமே வழக்கமான உற்பத்தியின்போது நடக்கவில்லை. ஒன்று சோதனை ஓட்டம், ஒன்று தண்ணீர்க் கோளாறு, ஒன்று பராமரிப்பு. தினமும் செய்கிற வேலையில் கைக்கும் கண்ணுக்கும் பழக்கம் இருக்கும். எப்போதாவது செய்கிற வேலையில் அது இருக்காது.

1948 சட்டம், மனிதன் வாயு இருக்கும் இடத்துக்குள் போவதை யோசித்தது. 2014-ல் பிலாயில் வாயு மனிதன் நின்ற இடத்துக்கு வந்தது. போபாலுக்குப் பிறகு 1987-ல் செய்த திருத்தம், ஆபத்தான தொழிற்சாலைகளில் தொழிலாளர்களும் இடம்பெறும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. நல்ல யோசனைதான். எந்த வால்வு இறுகிக் கிடக்கிறது, எந்தக் குழாய் துருப்பிடித்திருக்கிறது என்பது ஆபீஸ் ஃபைலை விட ஷிஃப்டில் நிற்பவருக்கே முதலில் தெரியும். 2025 நவம்பரில் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் வாயுவின் குணம் மாறாது.

செங்கல்பட்டு பக்கம் ஊது உலை எதுவும் இல்லை, நமக்கு ஏன் இது என்று கேட்கலாம். மறைமலை நகரில் இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்கிற பட்டறைகளிலும் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு, எண்ணெய்க் கை உண்டு, நிறுத்தி வைத்துப் பழுது பார்க்கும் நாளும் உண்டு. ஆபத்துப் பட்டியல் எழுதும்போது மெஷின் ஓடுகிற நாளை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாக அர்த்தம். மெஷின் நிற்கிற நாளையும் எழுத வேண்டும். விசாகப்பட்டினமும் பிலாயும் கொடுத்த விலைக்கு நாம் கற்றுக்கொள்ள வேண்டியது குறைந்தபட்சம் இதுதான்.