மீசோன்: இறைவனின் நிலமும் உழுதோரின் பங்கும்

கோயில்களை அரச பக்தியின் வெளிப்பாடுகளாக மட்டும் நோக்கும் மரபு நமது ஆய்வுலகில் இன்றும் வலுவாகவே உள்ளது. அம்மரபின் போதாமையை உணர்த்தவல்லது, மத்திய வியட்நாமில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கொன்றில் அமைந்துள்ள மீசோன் கோயிற்றொகுதி. சம்பா அரசர்கள் கி.பி. 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை இங்கு எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை எழுப்பினர்.

அங்கு செல்வோரை முதலிற் கவர்வன செங்கற் கோபுரங்களே. ஆயினும் தொகுதியின் சமூகப் பொருளைத் தெளிவுறுத்துவது பத்திரவர்மனின் சமஸ்கிருதக் கல்வெட்டாகும். மலைகளை எல்லையாகக் குறித்து, அவற்றுக்கு உட்பட்ட நிலத்தை, அங்கு வாழ்ந்த குடிகளோடு சேர்த்து, பத்திரேசுவரர் எனும் சிவனுக்கு அது வழங்குகின்றது. விளைச்சலில் ஆறிலொன்றாயிருந்த இறை, தயவு காரணமாகப் பத்திலொன்றாகக் குறைக்கப்பட்டதாகவும் கூறுகின்றது. குறைப்பு அருளாகக் காட்டப்படும்போது, கொள்வதன் நியாயம் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடுகின்றது. அறக்கொடையை அழிக்கவேண்டாமெனப் பிற்கால அரசரை அக்கல்வெட்டு எச்சரிப்பதும் கவனத்துக்குரியது. உபரிக்கான போட்டி ஆளுவோரிடையே நிலவாவிடின் அவ்வெச்சரிக்கைக்குத் தேவையே எழுந்திராது.

இறைவனின் பெயரிலேயே அரசனின் பெயர் கலந்திருந்தது. முதற்கோயில் தீக்கிரையான பின்னர், 7ஆம் நூற்றாண்டளவில் அதனைப் புதுப்பித்த சம்புவர்மன் தெய்வத்துக்குச் சம்புபத்திரேசுவரர் எனப் பெயரிட்டான். நிலவுடைமையும் அரசதிகாரமும் தெய்வீகமும் ஒரே பெயரில் ஒன்றிணைந்தன எனலாம்.

ஆனால் அக்கோபுரங்களைக் கட்டியோர் யாவர்? சாந்து வெளித்தெரியாவண்ணம் செங்கல் அடுக்கி, எழுப்பிய சுவரிலேயே சிற்பம் செதுக்கிய அவர்தம் திறனுக்குச் சுவர்களே சான்று. கொடையளித்தவன் பெயர் கல்லில் நின்றது; நிலத்தோடு கொடுக்கப்பட்டோர் பெயரற்றோராயினர்.

1969இல் அமெரிக்க விமானங்கள் இப்பள்ளத்தாக்கின்மீது குண்டுவீசின. ஏ1 எனக் குறிக்கப்படும் பெருங்கோபுரம் தகர்ந்தது. போருக்குப் பின்னர், வெடியாத குண்டுகள் புதைந்திருந்த அம்மண்ணிலேயே வியட்நாமியரும் போலந்து நிபுணரும் இணைந்து எஞ்சியவற்றைப் பாதுகாத்தனர். 1999இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

மரபுரிமை என்னும் சொல் கோபுரங்களோடு நின்றுவிடலாகாது. பத்திலொரு பங்கை அளந்து கொடுத்த குடிகளிலிருந்து மீசோனின் வரலாறு தொடங்கப்படுதல் வேண்டும். அப்போதே அக்கல்வெட்டு அரசனின் புகழுரையாக மட்டுமன்றி, உற்பத்தி உறவுகளின் ஆவணமாகவும் வாசிக்கப்படும்.