நிலா சொன்ன முகவரி

பல கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு குவேசார் என்று நாளிதழில் படித்திருப்பீர்கள். அந்தத் தொலைவை அளக்கும் கலை ஒரு கண்ணாடிப் பட்டறையில் பிறந்தது. பவேரியாவில் லென்ஸ் செய்து விற்ற ஜோசப் ஃபிரான்ஹோஃபர், தன் சரக்கின் தரத்தைச் சோதிக்க 1814இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்தார். நிறங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகள்! ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடுகள் உண்டு என்று 1859 வாக்கில் கிர்க்காஃபும் புன்சனும் காட்டினார்கள்.

1868இல் லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ், சிரியஸ் விண்மீனின் கோடு சற்றே இடம் பெயர்ந்திருப்பதைக் கவனித்து, அதன் வேகத்தைக் கணக்கிட்டார். விலகிப் போகும் பொருளின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும்; இதுவே செம்பெயர்ச்சி. இதே உத்தி பழனி மலையும் ஏறியது. 1909இல் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கோடுகளின் பெயர்ச்சியைக் கொண்டே கண்டுபிடித்தார். 1929இல் ஹபிள், விண்மீன் மண்டலம் எவ்வளவு தொலைவோ அவ்வளவுக்குச் செம்பெயர்ச்சியும் கூடும் என்று காட்டியதும், கோடுகள் அண்டத்தின் அளவுகோலாயின.

ரேடியோ வானியல் வந்ததும் புதுச் சிக்கல். தொலைதூர ரேடியோ மூலங்களின் அலைகளில் பெரும்பாலும் கோடுகளே இருக்காது. அதே இடத்தில் ஒளியில் தெரியும் பொருளைத் தேடிப் பிடித்துத்தான் நிறமாலை எடுக்க வேண்டும். ஆனால் அன்றைய ரேடியோ தொலைநோக்கிகளுக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. ரேடியோ வானியலாளர் சிரில் ஹசார்ட் நிலாவைத் துணைக்கு அழைத்தார். நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது வானியலாளருக்கு அத்துப்படி. மூலம் அதன் பின்னே மறையும் நொடியைக் குறித்தால் முகவரி கிடைத்துவிடும். 1962 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, 3சி 273 என்ற ரேடியோ மூலம் மறைவதைப் பதிவு செய்தது. தவறான ரயிலில் ஏறியதால் ஹசார்ட் அன்று வந்து சேரவில்லை என்பார்கள்.

அந்த முகவரியில் ஒரு சாதாரண விண்மீன் போன்ற புள்ளி இருந்தது. பாலோமார் வானாய்வகத்தில் அதன் நிறமாலையை எடுத்த மார்ட்டென் ஷ்மிட்டுக்குக் கோடுகள் பிடிபடவில்லை. 1963 பிப்ரவரியில் புரிந்தது: பெரும்பாலானவை ஹைட்ரஜன் கோடுகள்தான், 16 சதவீதம் பெயர்ந்தவை. 486 நானோமீட்டரில் இருக்க வேண்டிய கோடு 563இல் கிடந்தது. தொலைவு ஏறத்தாழ 240 கோடி ஒளியாண்டு. விண்மீன் போலத் தெரிந்த இத்தகைய பொருள்தான் குவேசார்.

ஹசார்டும் ஷ்மிட்டும் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகளைப் படித்த இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்புக்கு, நிலாவை நாள்தோறும் பின்தொடரும் தொலைநோக்கி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில், ஊரின் அட்சரேகைக்குச் சமமாக 11 டிகிரி சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தார். அதில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில், மெல்லிய எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டிய உருளைப் பரவளையம் 1970இல் எழுந்தது. சரிவே பூமியின் அச்சுக்கு இணையாக இருந்ததால், ஒரே அச்சில் சுழற்றி மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். ஒரு மலைச்சரிவை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய கருவி வேறெதுவும் எனக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான மூலங்களை நிலா மறைத்ததைப் பதிவு செய்து, 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரும்பாலான மூலங்களுக்குச் செம்பெயர்ச்சியே தெரியாத நிலையிலும், மங்கலானவை சராசரியாகத் தொலைவில் இருப்பவை என்று கொண்டு அவற்றின் கோண அளவை ஒப்பிட்டார்கள். அண்டம் காலப்போக்கில் மாறி வந்திருக்கிறது என்பதே அந்த முடிவு; அண்டம் என்றும் மாறாதது என்ற கொள்கைக்கு அது பாதகமாக அமைந்தது.

அந்த 3சி 273ஐ நாமும் பார்க்கலாம். நாமக்கல் மாவட்டத்து முள்ளுக்குறிச்சி போல நகர வெளிச்சம் எட்டாத மலையடிவாரத்தில், வைகாசி மாத நிலவற்ற இரவில், எட்டு அங்குலத் தொலைநோக்கியைக் கன்னி ராசிப் பக்கம் திருப்புங்கள். நல்ல விண்மீன் வரைபடம் ஒன்றும் கையில் இருக்கட்டும்; பக்கத்து விண்மீன்களிலிருந்து அதைப் பிரித்தறிய வேறு வழியில்லை.