சரிந்த கூரைக்குக் கீழே ஒரு பின்சீட்

அப்பா ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. விடியக்காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும்போது தலையில் துண்டை உருமா கட்டினால், ராத்திரி சோற்றுக்கு உட்காரும்போதுதான் அவிழ்ப்பார். பின்பக்கம் சரிந்து இறங்கும் சிட்ரோயன் பசால்ட்டைப் பார்க்கப் போன அன்று அவர் எஞ்சினைப் பற்றியும் கேட்கவில்லை, விலையைப் பற்றியும் கேட்கவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்து உருமாவோடேயே உள்ளே உட்கார்ந்தார். துண்டு கூரையை லேசாக உரசியது, தலை படவில்லை. "இடிக்கலப்பா" என்றார். எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்தான் முடிவு.

சரிந்த கூரைக்கும் பின்சீட்டுக்கும் உள்ள வழக்கு, கார் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 'கூப்பே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'வெட்டியது' என்று பொருள். எதிரும் புதிருமாக இரண்டு இருக்கை வரிசைகள் கொண்ட குதிரை வண்டியில் ஒரு வரிசையை வெட்டியெடுத்து, இரண்டு பேருக்கென்று சுருக்கிய வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. காருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. 2008-ல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6 விற்பனைக்கு வந்தபோது, உயரமான எஸ்யூவி உடலுக்கு மேல் அந்தச் சரிந்த கூரையை வைத்தார்கள். தொடக்கத்தில் அதன் பின்னிருக்கையும் இரண்டு பேருக்குத்தான். கம்பம் பள்ளத்தாக்கில் அது வேலைக்கு ஆகாது. இங்கே பின்னால் மூன்று பேர், மடியில் ஒரு பிள்ளை, காலடியில் ஒரு கட்டைப்பை. அதற்குக் குறைந்தால் அது குடும்ப வண்டி இல்லை.

பசால்ட்டைச் செய்த நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1930-களில் சிட்ரோயனின் தலைமைப் பொறுப்பில் இருந்த பியர் பூலாஞ்ஜே, கிராமத்துச் சம்சாரிகளுக்கென்று ஒரு மலிவு வண்டி கேட்டார். மரக்கட்டைச் செருப்புப் போட்ட இரண்டு பேரும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் அதில் போக வேண்டும். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. அவரும் உயரமான மனிதர். தொப்பி போட்டபடி மாதிரி வண்டிகளில் ஏறிப் பார்ப்பார், தொப்பி தட்டினால் ஏற்க மாட்டார் என்று சொல்வார்கள். நடுவில் உலகப்போர் வந்துவிட்டது; 1948-ல் பாரிஸ் கண்காட்சியில்தான் 2சிவி என்ற அந்த வண்டி வெளியுலகத்தைப் பார்த்தது. தொப்பிக்கும் எங்கள் அப்பாவின் உருமாவுக்கும் எவ்வளவு தூரம்? எனக்கு இரண்டும் ஒரே அளவுகோலாகத்தான் தெரிகிறது.

நம்ம ஊருக்கு பசால்ட் வந்த வழி வேறு. 2017-ல் சிட்ரோயனின் அன்றைய தாய் நிறுவனமான பிஎஸ்ஏ, சி.கே. பிர்லா குழுமத்தோடு கைகோத்தது. கார் திருவள்ளூரில், எஞ்சின் ஓசூரில் என்று ஏற்பாடானது. இந்தியாவுக்காகவும் தென் அமெரிக்காவுக்காகவும் ஒரே அடித்தளத்தில் ஒரு குடும்பத்தையே திட்டமிட்டார்கள். 2022-ல் சின்ன வண்டி சி3. 2023-ல் சி3 ஏர்கிராஸ். 2024 ஆகஸ்டில், அறிமுக விலை 7.99 லட்சத்துக்கு, பசால்ட். பிரேசிலில் போர்த்தோ ரியால் ஆலையிலும் இதே வண்டியைச் செய்கிறார்கள். விலை கட்டுப்பட்டதன் ரகசியம் இந்தப் பங்காளி உறவுதான். முன்பாதி அண்ணன்களுடையது; நடுவுக்கு அப்பால் கூரையை மட்டும் வேறு விதமாக இறக்கிவிட்டார்கள். சன்ரூஃப் கிடையாது. சரிந்து இறங்கும் இடத்தில் கண்ணாடிக்கூரை வைத்திருந்தால் அப்பாவின் தலைக்கு மேலிருந்த அந்தக் கொஞ்ச இடமும் போயிருக்கும்.

மிச்சம் பிடித்த காசில் கொஞ்சத்தைப் பின்சீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மேல்வகை பசால்ட்டில் பின்சீட் பலகையின் முன்நுனியை 87 மில்லிமீட்டர் வரை உயர்த்திக்கொள்ளலாம். நெட்டையான ஆட்களுக்குப் பல கார்களில் முழங்கால் மேலே தூக்கி, தொடை அந்தரத்தில் நிற்கும். முழு பாரமும் இடுப்பில் இறங்கும். இதில் நுனியை ஏற்றிவிட்டால் தொடை சீட்டில் படிகிறது. மூட்டுவலிக்காரருக்கு இது பெரிய காரியம். தலை சாய்க்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி ஒரு அணைப்பு. லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் வளைவுகளில் அப்பாவின் தலை அதில்தான் சாய்ந்திருக்கும். எங்களுடையது 110 குதிரைசக்தி டர்போ. ஐந்து பேரோடு ஏறும்போதும் அது திணறி நான் பார்த்ததில்லை.

தோட்டம் சுருளிப்பட்டி பக்கம். பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி என்பார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. தோல் மெல்லிசு. பெட்டியை 'தொம்'மென்று வைத்தாலே அடிக்குலை கசியும். வியாபாரத்துக்கான பெட்டிகள் லாரியில் போகும். உறவுக்காரர்களுக்கான பெட்டிகள்தான் எப்போதும் எங்களோடு வரும்.

போன அறுவடையில் மதுரையில் தங்கச்சி வீட்டுக்கு இரண்டு பெட்டி. தோட்டத்து வண்டித்தடத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் என் காது டிக்கியில்தான் இருந்தது. சின்னமனூர், தேனி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் வந்தபோது, பின்னால் சத்தமே இல்லையே என்று கண்ணாடியில் பார்த்தேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அப்பா உருமாவை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்தை அந்தச் சிறகில் பதித்து, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.