கையில் தொழில் இருந்தது, காலடியில் நிலம் இல்லை

எளிய வாழ்வு, சொந்தக் காலில் நிற்கும் விவசாயக் கிராமம் என்று பேச்செடுத்தால், வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1910-ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதி. இந்தியர்களைப் பதிவுச் சீட்டுக்குக் கட்டாயப்படுத்திய சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் போராடிக்கொண்டிருந்தார். சிறை சென்றவர்களில் தமிழர்கள் பலர். அவர்களுடைய குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வந்ததில் நிதி கரைந்தது. நிதி தீர்ந்தால் போராட்டமும் தீர்ந்துவிடும். என்ன வழி?

காந்தியடிகளின் நண்பரான கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி வாடகையில்லாமல் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் உருவான அந்த இடத்திற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர். இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர், பார்சி என அனைவரும் அங்கே சேர்ந்து வாழ்ந்தார்கள். தோட்ட வேலை, சமையல், துப்புரவு எல்லாம் அவரவர் கையாலேயே நடந்தன. தச்சு வேலையும் செருப்புத் தைப்பதும் கற்றார்கள். சொந்த வேலையாக நகரத்திற்குப் போனால் நடந்துதான் போக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். செலவு குறைந்தது, போராட்டம் நிலைத்தது. 1913 வரை பண்ணை நடந்தது.

இப்போது நம் கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்கு வருவோம். லயத்து வீட்டின் பின்னால் முருங்கை, கீரை, வாழை. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, கோழிக் கூடு. இந்தத் தொழில்களையெல்லாம் நம் பாட்டன் பாட்டிகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால், நிலம் கம்பெனியுடையது. டால்ஸ்டாய் பண்ணையின் நிலமும் இரவல்தான். கொடுத்தவர் போராளிகளின் தோழர். தோட்ட முதலாளி அப்படியல்ல.

1957-இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி, வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதற்குப் பதிலாக 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி சேர்த்துப் பங்குதாரர்கள் ஆனார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால் வெட்டியவரே தோட்டத்தின் பங்காளி!

சங்கத்தின் கைக்கு எட்டாத தோட்டங்கள் என்னவாயின? சீபீல்டு சுபாங் ஜெயா பக்கத்து வீடமைப்புப் பகுதிகளானது. பேராங் பெசார், புத்ராஜெயாவானது. அடுக்குமாடிக்குப் போனவர்களால் மாட்டையும் முருங்கையையும் கொண்டுபோக முடியவில்லை.

இன்று தற்சார்புக் கிராமம் அமைக்க விரும்பும் இளைஞர்கள் விதையைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும்: நிலம் யார் பெயரில் இருக்கிறது? பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலை துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பத்து வெள்ளிப் பாடத்தையும் நாம் தாங்கி நிற்க வேண்டாமா?