நிக்சனுக்கு எப்போது வியர்த்தது?

தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு வகை வீடியோ வர ஆரம்பித்துவிடும். ஒரு தலைவர் பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று படம் நிற்கும், மூக்கையோ கையையோ சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வரும். "மூக்கைத் தொட்டார் பாருங்க, இந்த இடத்துலதான் பொய்" என்று பின்னணியில் ஒரு குரல். நானும் இதையெல்லாம் நம்பி நாலு பேருக்கு அனுப்பியவன்தான். உடல்மொழி பற்றி பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு புத்தகங்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது அரசியலால் அல்ல, ஆபீஸ் வேலையால். சில வருடங்களுக்கு முன் வீடியோ காலில் ஒரு பையனை இன்டர்வியூ எடுத்தேன். எந்தக் கேள்வி கேட்டாலும் நேராகப் பார்க்காமல் இடது பக்கமே பார்த்துப் பதில் சொன்னான். பக்கத்தில் யாரோ எழுதிக் காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, மேலிடத்துக்கு அனுப்பிய குறிப்பிலும் அப்படியே எழுதிவிட்டேன். ஒரு மாதம் கழித்து எனக்கு இரண்டாவது மானிட்டர் வந்தது. கேமரா லேப்டாப்பில் இருக்கும், ஆட்கள் தெரிவது பெரிய திரையில். "சார், நீங்க எங்க பாத்துப் பேசறீங்க?" என்று மீட்டிங்கில் ஒருவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது.

முகத்தைப் பார்த்துப் பொய் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வரலாற்றுக் கதைகளை அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சுற்றிச் சுற்றி ரிச்சர்ட் நிக்சனிடமே வந்து நின்றேன்.

1960 செப்டம்பர் 26, சிகாகோ. அமெரிக்க அதிபர் தேர்தலின் முதல் தொலைக்காட்சி விவாதம். ஒரு பக்கம் துணை அதிபர் நிக்சன், மறு பக்கம் செனட்டர் ஜான் கென்னடி. நிக்சனுக்கு உதட்டுக்கு மேலும் தாடையிலும் வியர்வை. கண்கள் அங்கும் இங்கும் ஓடின. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். 1950 செனட் தேர்தலிலேயே 'தந்திரக்கார டிக்' என்று பட்டம் வாங்கியவர் வேறு. சொல்ல வேண்டுமா? கள்ளத்தனம் முகத்தில் எழுதியிருக்கிறது என்று பலர் முடிவு செய்துவிட்டார்கள்.

உண்மையில் நடந்தது இதுதான். ஆகஸ்டில் பிரச்சாரத்துக்குப் போன இடத்தில் கார் கதவில் முழங்கால் இடித்து, அதில் கிருமி தொற்றி, மனிதர் சுமார் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடம்பு இளைத்து சட்டைக் காலர் தொளதொளவென்று நின்றது. விவாதத்துக்கு வந்து இறங்கும்போது அதே முழங்காலை மறுபடி இடித்துக்கொண்டார். முறையான மேக்கப் வேண்டாம் என்று மறுத்து, தாடிக் கருமையை மறைக்க கடையில் கிடைக்கும் ஒரு பவுடரை மட்டும் பூசிக்கொண்டார். விளக்குச் சூட்டில் அது வியர்வையோடு சேர்ந்து வழிந்தது. சாம்பல் நிறக் கோட்டு, பின்னால் சாம்பல் நிறச் சுவர். இதில் பொய் எங்கே இருக்கிறது?

எதிரே நின்றவரைப் பாருங்கள். வெயிலில் பழுத்த நிறம், நிதானமான பார்வை, ஆரோக்கியத்தின் மறு உருவம் போல கென்னடி. ஆனால் அன்று அந்த மேடையில் உடம்பைப் பற்றி ஒரு பெரிய விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அவருக்கு அடிசன் நோய் இருந்தது. அட்ரீனல் சுரப்பி சரியாக வேலை செய்யாமல், தினமும் ஸ்டீராய்டு எடுத்தே வாழ வேண்டிய நிலை. அப்படி ஒரு நோயே இல்லை என்று அவருடைய ஆட்கள் அந்த வருடம் மறுப்பு வெளியிட்டிருந்தார்கள். தோல் கறுத்துப்போவது அடிசன் நோயின் ஒரு அறிகுறி என்பது தனி வேடிக்கை. அந்த அழகான நிறத்தில் வெயிலுக்கு எவ்வளவு பங்கு, நோய்க்கு எவ்வளவு பங்கு என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டு ஒரு உபகதையும் வரும். ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றார்கள், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்கள் என்று. நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். 1987-ல் வான்சில், பெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் இதன் மூலத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கணக்கெடுப்பில் ரேடியோ கேட்டவர்கள் சில நூறு பேர்தான். அவர்கள் முன்பே யார் பக்கம் சாய்ந்திருந்தார்கள் என்பதற்கும் விவரம் இல்லை. எனவே அதை ஒரு ஓரமாக வைத்துவிடலாம்.

முதல் விவாதத்தை எல்லோரும் பேசுகிறார்கள். என்னைத் தூக்கிப்போட்டது நான்காவது விவாதம்.

நிக்சன் இடையில் பாடம் கற்றுக்கொண்டிருந்தார். மில்க்‌ஷேக் குடித்து எடை ஏற்றினார், மேக்கப்புக்குச் சம்மதித்தார். இரண்டாவது விவாதத்தின்போது அவருடைய ஆட்கள் ஸ்டூடியோவைக் குளிர்பதனப்பெட்டி மாதிரி ஆக்கி வைக்க, கென்னடியின் ஆட்கள் வந்து சண்டை போட்டுச் சூட்டை ஏற்ற வேண்டியிருந்தது. அக்டோபர் 21 அன்று கடைசி விவாதத்துக்கு வந்தபோது நிக்சன் பழைய நிக்சனாகத் தேறியிருந்தார்.

பேச்சு கியூபா பக்கம் திரும்பியது. காஸ்ட்ரோவுக்கு எதிரான கியூபர்களுக்கு அமெரிக்கா உதவ வேண்டும் என்ற கருத்தை முந்தைய நாள்தான் கென்னடி தரப்பு வெளியிட்டிருந்தது. நிக்சன் அதைப் பிடித்துக்கொண்டு கிழித்தார். இது பொறுப்பில்லாத, ஆபத்தான யோசனை, ஒப்பந்தங்களை மீறுவதாகும், லத்தீன் அமெரிக்க நண்பர்களை இழப்போம், ஐ.நா.வில் கண்டனம் வாங்குவோம். ஒரு பொறுப்பான மூத்த தலைவரின் கவலை அவ்வளவும் குரலில் இருந்தது.

அதே நேரத்தில் அதே வேலையை அமெரிக்க அரசு ரகசியமாகச் செய்துகொண்டிருந்தது. நாட்டை விட்டு வந்த கியூபர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுக்கும் சிஐஏ திட்டத்துக்கு 1960 மார்ச்சிலேயே அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அடுத்த வருடம் பன்றிகள் விரிகுடாவில் போய் மூக்குடைபட்டது அந்தத் திட்டம்தான். துணை அதிபருக்கு அது தெரியும் என்பது மட்டுமல்ல, உள்ளுக்குள் அதை ஆதரித்தவர்களில் அவரும் ஒருவர். போதாக்குறைக்கு அதே மூச்சில் குவாத்தமாலாவை வேறு உதாரணம் காட்டினார். அங்கே நாம் ஒதுக்கி மட்டும் வைத்தோம், ஆர்பென்ஸை மக்களே எழுந்து விரட்டினார்கள் என்றார். 1954-ல் ஆர்பென்ஸைக் கவிழ்த்தது சிஐஏ ஏற்பாடு செய்த நடவடிக்கை.

கியூபா விஷயத்தில் தான் நினைத்ததற்கு நேர் எதிராகப் பேசினேன் என்று பிறகு சொன்னது வேறு யாருமல்ல, நிக்சனேதான். 1962-ல் வந்த 'சிக்ஸ் க்ரைசிஸ்' புத்தகத்தில், ரகசியத்தைக் காப்பாற்ற அப்படிப் பேச வேண்டியிருந்தது என்று எழுதினார். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அவர் வியர்வையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

பின்னாளில் வாட்டர்கேட்டில் அவர் மாட்டியதும் முகத்தால் அல்ல. 1973-ல் சொந்த வெள்ளை மாளிகையில் அவரே வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவி பற்றிய செய்தி வெளியே வந்தது. அந்த நாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1974 ஜூலையில் தீர்ப்பளித்தது. எஃப்பிஐ விசாரணையை சிஐஏ மூலமாகத் தடுக்க அவர் ஒப்புக்கொண்டது 1972 ஜூன் 23-ம் தேதி நாடாவில் இருந்தது. அது வெளியான நான்கு நாளில் பதவி போயிற்று.

இது ஒரே ஆளின் கதை, விதிவிலக்கு என்று சொல்லலாம். ஆனால் எண்களும் இதே பக்கம்தான் நிற்கின்றன. பாண்ட், டிபாலோ இருவரும் 2006-ல் சுமார் 24,000 பேர் பங்கேற்ற சோதனைகளைத் தொகுத்தார்கள். பொய்யையும் உண்மையையும் மனிதர்கள் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். காசு சுண்டினாலே 50 கிடைக்கும். இன்னொன்று எனக்குப் பிடித்தது. பிரிட்டனில் அரசியல்வாதிகளைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டதற்குப் பேர்போன ராபின் டேவையே உட்காரவைத்து, பிடித்த சினிமா எது என்று இரண்டு முறை கேட்டார் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மேன். ஒரு பதில் நிஜம், ஒன்று பொய். டிவி, செய்தித்தாள், ரேடியோ மூன்றிலும் அதை வெளியிட்டு, எது பொய் என்று மக்களிடம் கேட்டார்கள். 41,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். ரேடியோவில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், செய்தித்தாளில் படித்தவர்கள் 64. முகத்தைப் பார்த்தவர்கள் 52.

போன வாரம் அந்த நான்காவது விவாதத்தின் வீடியோவைத் தேடிப் பிடித்தேன். எந்த இடத்தில் பொய் வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கியூபா பகுதி வந்ததும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். கண், மூக்கு, கை, தோள். சத்தத்தை அணைத்துவிட்டும் ஒரு தடவை பார்த்தேன். சிவப்பு வட்டம் போட ஓரிடம் கிடைக்கவில்லை.