தோடர்களின் மறைபொருளும் ஆய்வாளரின் கடமையும்

நம் இறையியல் மாணவர்கள் பழங்குடி மக்களின் சமயத்தை ஆராய்ந்து கட்டுரை வரைய முற்படும்போது, கிடைத்த செய்தி மெய்யானதா என்று சோதித்துப் பார்க்க அவர்களுக்குக் கற்பிக்கிறோம். அச்செய்தியைக் கேட்கவும் வெளியிடவும் நமக்கு உரிமை அளித்தவர் யார் என்ற கேள்வியோ அரிதாகவே எழுகின்றது. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை நீலகிரித் தோடர்களைப் பற்றிய ஆய்வின் வரலாறு நமக்குத் தெளிவாக்குகின்றது.

தோடர்களைக் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர் ஜாக்கோமோ பெனிசியோ என்னும் இயேசு சபைக் குரு ஆவார். மலைமேல் பண்டைய தோமா கிறிஸ்தவர்கள் மறைந்து வாழ்கின்றனர் என்ற வதந்தியைக் கேட்டு, 1603ஆம் ஆண்டு அவர் மலையேறினார். தேடிச் சென்ற கிறிஸ்தவர்களை அவர் அங்கே காணவில்லை; எருமை மேய்த்து வாழ்ந்த ஒரு மக்களையே கண்டார். தாம் காண விரும்பியதை மனத்தில் சுமந்து கொண்டு பிற மக்களிடம் செல்லும் வழக்கம் அவரோடு தொடங்கவுமில்லை, அவரோடு முடியவுமில்லை.

1873ஆம் ஆண்டில் வில்லியம் மார்ஷல் என்னும் படை அதிகாரி தோடர்களைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டு மனிதனின் குணத்தைக் கணிக்கலாம் என்ற கொள்கையை நம்பியவர் அவர். அக்கொள்கை பின்னர் போலி அறிவியல் என்று ஒதுக்கப்பட்டது. ஆயினும் அந்நூலின் பின்னிணைப்பாக வந்த தோட மொழி இலக்கணச் சுருக்கம் இன்றும் நம் கவனத்துக்குரியது. அதை எழுதியவர், திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப் அவர்களே. அதற்கான சொற்களையும் வாக்கியங்களையும் திரட்டித் தந்தவர் பாசல் மிஷனைச் சேர்ந்த பிரெடரிக் மெட்ஸ். இவ்வாறு அருட்பணியாளர் கற்ற மொழி, தலையை அளக்க வந்தவரின் நூலுக்குத் துணையாயிற்று. எனவே இவ்வரலாற்றைத் திருச்சபை வெளியே நின்று பார்க்க இயலாது.

அடுத்து வந்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இவர் 1901-02ஆம் ஆண்டுகளில் சில மாதங்கள் நீலகிரியில் தங்கி ஆராய்ந்து, 1906இல் தம் பெருநூலை வெளியிட்டார். அக்காலத்தில் தோடர்கள் ஏறக்குறைய 800 பேரே இருந்தனர். ஒரே செய்தியைப் பலரிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது ரிவர்ஸின் முறை. குடிவழிப் பட்டியல்களைத் தொகுத்து, அவற்றின் வாயிலாக உறவுமுறைகளை ஆராயும் வழியை மானிடவியலில் நிலைநாட்டியவரும் அவரே. அவருக்கு மொழிபெயர்த்தோருள் ஒருவர், தோடர்களிடையே சுவிசேஷப் பணி ஆற்றி வந்த உபதேசியார் ஆவார்.

ஆனால் மரித்த உறவினரின் பெயரை உச்சரிப்பது தோடர்களுக்கு விலக்கு. ஆகவே ஒருவருடைய முன்னோரின் பெயர்களை ரிவர்ஸ் அவரிடம் கேளாமல் பிறரிடம் கேட்டறிந்தார். பின்னர் அப்பெயர்களைப் பட்டியல்களாக அச்சிட்டார். எருமைப் பாலைக் கடையும் இல்லமே தோடர்களுக்குக் கோயில். அங்கு நிகழும் மறைவான சடங்குகளையும் அவர் கேட்டு எழுதினார். அவர் அங்கிருந்த நாட்களிலேயே, அவருக்குச் செய்தி கூறியோரில் ஒருவர் நோயுற்றார். மற்றொருவரின் மனைவி இறந்தார். மறைபொருளை அந்நியருக்கு வெளிப்படுத்தியதால் தெய்வங்கள் சினங்கொண்டன என்று தோடர்கள் கருதினர். அதன்பின் அவரிடம் பேச முன்வருவோர் குறைந்தனர். இதை ரிவர்ஸே தம் நூலில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். தாம் கேட்ட செய்தியின் மெய்ம்மையைச் சோதிப்பதில் அவருக்கு நிகரானோர் அந்நாளில் வெகு சிலரே. எனினும், சொன்னவர்கள் தாம் கொடுத்த விலையை எண்ணி அஞ்சினார்கள்.

ரிவர்ஸ் எழுதியிராவிடில் அச்சடங்குகளைப் பற்றிய அறிவு மறைந்திருக்கும் அல்லவா என்று சிலர் வினவலாம். இவ்வினாவைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் எதைக் காக்க வேண்டும், எவர் கையில் காக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவ்வறிவுக்கு உடையவர்களைச் சார்ந்தது. ஒருமுறை அச்சேறிய பெயரைத் திரும்பப் பெற முடியாது.

1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ந்த மொழியியலறிஞர் எம். பி. எமனோ, தோட மொழியையே ஆழ்ந்து கற்று, அவர்கள் பாடிய பாடல்களை அவர்கள் மொழியிலேயே எழுதி, 1971இல் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். தோடர் தம் சொற்களில் தம்மைக் கூறுவதை அந்நூல் பாதுகாத்துள்ளது. மார்ஷலின் நூலிலிருந்து அது வெகுதூரம் வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

உரிமையைப் பற்றிய கேள்வியைப் பிற்காலத்தில் பழங்குடி மக்களே எழுப்பினர். நியூசிலாந்தின் மாவோரி அறிஞர் லிண்டா டுஹிவாய் ஸ்மித் 1999இல் எழுதிய நூல், ஆய்வு என்னும் செயலே தம் மக்களுக்கு இழைத்த ஊறுகளை எடுத்துரைத்தது. 2007இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், மரபறிவின்மேல் அவர்களுக்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டது; இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. 2017இல் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள், தம்மை ஆராய வருவோர் மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றைக் கைக்கொள்ள வேண்டும் என்று தாமே ஒரு நெறிமுறை வகுத்தனர்.

நம் மாணவர்களுக்கு இவ்வரலாறு சில கடமைகளைக் காட்டுகின்றது. ஒரு தனி மனிதரின் இசைவோடு நில்லாமல், ஊர்ப் பெரியோரின் இசைவையும் முன்னதாகவே கேட்க வேண்டும். ஆய்வின் நோக்கத்தையும், அது எங்கே அச்சாகும் என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். சொல்ல மறுத்ததை வேறொருவரிடம் சென்று கேட்டறிதல் தகாது. எழுதியதை அச்சிடுமுன் அவர்களுக்கு விளங்கும் மொழியில் படித்துக் காட்டி, நீக்கச் சொல்வதை நீக்க வேண்டும். மறைவான சடங்கு ஒன்று நம் கட்டுரையில் இடம்பெறாமற் போனால் கட்டுரை சற்றே குறைவுடையதாகும். அதற்குக் கிடைக்கும் மதிப்பெண்ணும் குறையலாம். அக்குறையை ஏற்கத் துணியும் மாணவரை ஆதரிப்பது ஆசிரியர்களாகிய நம்முடைய பொறுப்பாகும்.