மருந்தின் அளவும் மகளிர் உடலும்

நெடுந்தீவு வைத்தியசாலையிலே ஒரு தாய் பெறும் குளிசை, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறித் தீவை அடைகின்றது. அதனோடு 'நாளொன்றுக்கு இவ்வளவு' என்னும் விதியும் வருகின்றது. அவ்விதி யாருடைய உடலை அளவாகக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்தல் பொருத்தமாகும்.

யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவம் வேரூன்றிய காலத்தை முதலில் நோக்குவோம். 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் வெளிவந்த தமிழ் நூல்களுள் பிரசவ மருத்துவம் பற்றியது 1857 இலேயே அச்சேறிற்று. ஆயினும் அதனைக் கற்றவர்கள் ஆண் மாணாக்கரே. பெண்களுக்கெனத் தனி வைத்தியசாலை இணுவிலில் எழுவதற்கு 1898 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மகப்பேற்றுக்கு அப்பால் பெண்ணுடலைத் தனித்து நோக்கும் வழக்கம் அக்கால மருத்துவத்தில் அரிதாகவே இருந்தது எனலாம்.

இக்குறை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்னும் மருந்தைக் கருவுற்ற பெண்கள் உட்கொண்டமையால், உறுப்புக் குறைபாடுடைய குழந்தைகள் ஆயிரக்கணக்கிற் பிறந்தன. 1961 இல் அங்கு அம்மருந்து விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. அத்துன்பத்தின் பின்னர் பெண்களுக்குரிய மருந்துகளை மேலும் கவனமாகச் சோதித்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. கருத்தரிக்கக்கூடிய பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளினின்றும் விலக்குமாறு ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1977 இல் நெறி வகுத்தது.

அதன் விளைவுகளை இரு சான்றுகள் காட்டும். 1982 இல் தொடங்கிய அஸ்பிரின் ஆய்வொன்றிற் பங்குபற்றிய 22,071 வைத்தியர்களும் ஆண்களே. அஸ்பிரின் மாரடைப்பைக் குறைக்கும் என்ற அதன் முடிவு உலகெங்கும் பரவிற்று. ஏறத்தாழ 40,000 பெண்களிடம் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2005 இலேயே வெளிவந்தது. அவர்களிடையே முதல் மாரடைப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பக்கவாதமே ஓரளவு குறைந்தது. மற்றையது சொல்பிடெம் என்னும் நித்திரைக் குளிசை. பெண்ணுடல் அதனை மெதுவாகவே வெளியேற்றுகின்றது. எனினும் 1992 இல் அனுமதி பெற்ற அதன் அளவு, பெண்களுக்குப் பாதியாக்கப்பட்டது 2013 இலேயாம்.

விலக்கு மட்டுமே இவ்வரலாறன்று. 1956 இல் புவேர்ட்டோ றிக்கோவின் ஏழைப் பெண்களிடம் கருத்தடைக் குளிசை சோதிக்கப்பட்டது. அவர்கள் கூறிய குமட்டலையும் தலைச்சுற்றையும் அங்கு பணியாற்றிய பெண் வைத்தியர் எடுத்துரைத்தபோதும், ஆய்வை வழிநடத்தியோர் அவற்றை மனத்தின் கற்பனையென ஒதுக்கினர். ஆக, சோதனையில் இடம் பெறுதல் மட்டும் போதாது. பெண்ணின் சொல்லும் சான்றாக ஏற்கப்படல் வேண்டும்.

அரச நிதி பெறும் ஆய்வுகளிற் பெண்களைச் சேர்த்தல் வேண்டுமென 1993 இல் ஐக்கிய அமெரிக்கா சட்டமியற்றியது. எனினும் கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இன்றும் பெரும்பாலான சோதனைகளுக்குப் புறத்தேயே நிற்கின்றனர்.

ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ ஒரு பெண், 'இந்தக் குளிசை குடித்தால் தலை சுற்றுகின்றது' என்று கூறுவாளாயின், அது முறைப்பாடு மட்டுமன்று; மருந்தியலுக்கு வேண்டிய தரவுமாகும். நெடுந்தீவிலிருப்பவள் அதனைக் கூறுவதற்கே சிலவேளை கடல் கடக்க நேர்கின்றது. அவள் சொல்லைச் செவிமடுத்துப் பதிவு செய்து, ஆய்வாளரிடம் சேர்ப்பித்தல் மருத்துவம் பயிலும் நம் மாணவரின் கடனாகும்.